மூன்று சென்ரிமீற்றர்

புதன் இரண்டு மணிக்குக் கூடுவோம்.
ஏசி ஒழுகும், அதற்குக் கீழே ஒரு நீல வாளி.
ஒன்பது கோப்புகள். ஊசிகள் நான்கு;
மிச்சம் துறைமுகத்தில், கொள்கலனுக்குள்,
யாருடைய கையெழுத்துக்கோ காத்துக் கிடக்கின்றன.

விஜேதுங்க வெட்டுகிறவர். நான் சுடுகிறவள்.
படத்தைப் பெரிதாக்கி, அளவுகோலை இழுத்து,
யாரோ ஒருவரின் விலாவுக்குள்
மில்லிமீற்றர் கணக்கில் சண்டை பிடிப்போம்.

ஜினதாசவுக்கு முப்பத்தெட்டு. கட்டி ஐந்தரை,
சிறுநீர்க்குழாயின் வாசலிலேயே குந்தியிருக்கிறது.
ஊசியென்றால் திங்கட்கிழமையே ஓட்டோ ஓட்டலாமா என்று
சிங்களத்தில் கேட்டிருந்தான்.
நல்ல இதயம், நல்ல நுரையீரல், லீசிங் கடன்.
கத்திக்குத்தான் பொருத்தம்.
விஜேதுங்க கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

செய்னம்பு உம்மாவுக்கு எண்பத்திரண்டு.
ஒன்றரைச் சென்ரிமீற்றர்,
இரண்டு வருடமாய் வளரவே இல்லை.
இதயந்தான் பாதியாய்த் துடிக்கிறது.
விட்டுவைப்போம், ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் என்றோம்.
மகள் கதவடியில் நின்று கேட்டாள்:
"பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கா
மாளிகாவத்தையிலருந்து ரெண்டு பஸ் ஏறி வந்த?"
பதில் இருந்தது. சொன்னேன்.
அவளுக்கு அது போதவில்லை.

பிறகு அனக்லீற்றஸ், கொட்டாஞ்சேனை.
இருப்பது ஒரே சிறுநீரகம். மற்றதைத் தம்பிக்குக் கொடுத்தது;
தம்பியோடு அதையும் புதைத்துப் பதினொரு வருடம்.
கட்டி இரண்டு புள்ளி ஏழு, வெளி விளிம்பில்,
பலாக்கொட்டை முளை விட்டதுபோல.
குடல் நெருக்கம், தண்ணீர் செலுத்தித் தள்ளிவைக்கலாம்.
வெட்டினால் மிஞ்சுவது போதாது.
அன்றைக்கு முதற்தடவையாக
யாரும் யாரையும் மறுக்கவில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி நிரப்பாமல் இருந்தது.
கிளினிக் வாங்குவரை நானே போய்க் கேட்டேன்:
ஒரு மணித்தியாலம் குப்புறக் கிடக்க ஏலுமா,
அசையாமல், இருமாமல்?

அவர் சிரித்தார்.
"ஒன்றரை நாள் கிடந்திருக்கிறேன், டொக்டர்.
அந்த ஜூலை. மிஸிஸ் அல்விஸ் வீட்டுச் சீலிங்குக்கு மேல.
கீழ வந்து நின்று தேடினாங்க.
ரயர்ப் புகை மூக்குக்குள்ள.
இருமவே இல்ல."

பிறகு, சட்டைப் பொத்தானைத் திருகியபடி:
"சுடப்போறது உள்ளுக்குள்ள மட்டுந்தானே?"

ஓம், உள்ளுக்குள் மட்டும்.
மூன்று சென்ரிமீற்றருக்கு வெளியே போகாது.

ஏலும், ஏலாது. படிவத்தில் இரண்டே பெட்டிகள்.
என் பேனை எழுதவில்லை.
அவருடையதை வாங்கி
முதலாவதில் சரி போட்டேன்.