முப்பதுக்கு இருபத்தாறு

மாங்குளம். சனிக்கிழமை.
சீமெந்துத் தளம் சப்பாத்துக்குள்ளும் சுடுகிற இரண்டு மணி.
நான் கமநல சேவை நிலையத்தில் எழுதுவினைஞர்.
கையெழுத்து வடிவு என்று
கூடைப்பந்துக்குப் புள்ளி எழுதக் கூப்பிட்டார்கள்.
நேரம் பார்ப்பதும் நான்தான், என் கைபேசியில்.
முடிந்தால் அடிப்பதற்கு
வேப்பங்கொப்பில் ஒரு தண்டவாளத் துண்டு.

நாலு கல்லூரி. ஒன்றுதான் மாகாணத்துக்கு.
மல்லாவி ஒட்டுசுட்டானை வென்றது,
ஒட்டுசுட்டான் பூநகரியை,
பூநகரி மல்லாவியை.
சூடு மிதிக்கிற களத்தில்
எந்த மாடு முன்னால் போகிறது என்று யார் சொல்வது?

நட்டாங்கண்டல் மூன்று பேரிடமும் தோற்றது.
சமப்பட்டவர்கள் தங்களுக்குள் ஆடியது மட்டுமே கணக்கு.
ஆகவே அடிமட்டம் வைத்து
நட்டாங்கண்டலின் பக்கங்களைக் குறுக்கே வெட்டினேன்.
அதற்குள்தான் இருந்தது
பிருந்தாஜினி ஒரே ஆட்டத்தில் தனியே போட்ட இருபத்தேழு,
அன்றைக்கு ஒருத்தி எடுத்த ஆகக் கூடிய புள்ளி.
ஐஸ்பழம் வழிய வழிய வந்து எட்டிப் பார்த்தாள்.
"நேராக் கீறியிருக்கிறீங்கள் மிஸ்."

பிறகு வித்தியாசம்.
பூநகரி இரண்டு குறைவு. வெளியே.
மல்லாவி ஒன்று கூட.
ஒட்டுசுட்டானும் ஒன்று கூட.
மூன்று தரம் கூட்டினேன்,
நாலாம் தரம் கழித்தும் பார்த்தேன்.

விதித்தாளை விரித்தால்
போட்டோக்கொப்பி அடிவரியைத் தின்றிருக்கிறது.
"அதன் பின்னரும் சமநிலை நீடிப்பின்"
அவ்வளவுதான். கீழே கறுப்புப் பட்டை.

விமலநேசன் சேர் சிக்னல் தேடி
ஏ ஒன்பது வீதிவரை நடந்தார்.
மதகில் ஏறி, ஒரு காதைப் பொத்தி.
போகிற லொறி ஒவ்வொன்றும் ஒரு சொல்லை ஏற்றிக்கொண்டு போனது.
திரும்பி வந்து, வேர்வையைத் துடைத்துச் சொன்னார்:
மிஞ்சின ரெண்டு பேரில
ஆர் ஆரை வெண்டது எண்டு பார்க்கட்டாம்.

மதுசிகா எழும்பினாள், ஒட்டுசுட்டான் தலைவி.
முழங்கால் உரசல் இன்னும் காயவில்லை.
"ஆளையாள் வெண்டபடியா
அந்த வெற்றி ஒண்டும் செல்லாது எண்டனீங்கள் சேர்.
பூநகரி போனோடனை எப்பிடி அது செல்லும்?
போட்ட கூடையை எண்ணுங்கோ.
நாங்கள் எழுபத்துநாலு. அவை அறுபத்தேழு."

அவளுடைய கூட்டலில் பிழை இல்லை.
சேர் தாளின் கறுப்புப் பட்டையைப் பார்த்தபடி
"விதி, பிள்ளை" என்றார்.
பூநகரியின் வான் அதற்குள் கிளிநொச்சி தாண்டியிருக்கும்,
தாங்கள் எழும்பின கதிரையில்
காலமை செத்த ஒரு வெற்றி
உயிரோடு வந்து உட்கார்ந்தது தெரியாமல்
பின் சீற்றில் பாட்டு.

வீட்டுத்திட்டத்துக்குப் புள்ளி போட்ட வருஷம்
எங்களுக்கும் ஒன்று குறைந்தது.
அந்தத் தாளிலும் வடிவான கையெழுத்து.

மேசையை மடிக்கும்போதுதான் மற்றது.
மல்லாவி பூநகரியிடம் தோற்ற ஆட்டம், கடைசி விநாடிகள்.
ஆறு புள்ளி பின்னால்.
வென்றவர்கள் தண்ணீர்ப் போத்தலுக்குத் திரும்பிவிட்டார்கள்,
தோற்றவர்களும்.
டிலோஜினி மட்டும் பந்தைத் தட்டிக்கொண்டு
ஒருவரும் மறிக்காத தளத்தில் ஓடினாள்,
யாருக்காக என்று கேட்க ஆளில்லாத ஓட்டம்.
ஒரு துள்ளல். ஒற்றைக் கை. கூடை.
முப்பதுக்கு இருபத்தாறு என்று எழுதினேன்.
இருபத்துநாலு என்றிருந்தால்
மதுசிகா இப்போது யாழ்ப்பாணத்துக்கு உடுப்பு மடிப்பாள்.

கைபேசி பூச்சியம் காட்டியது.
பந்து இன்னும் அவள் கையில்.
சுத்தியல் என் கையில்.

அப்படி ஒரு ஓட்டத்தை
நான் அதுவரை பார்த்ததில்லை.
பார்த்து முடித்துத்தான் அடித்தேன்.