ஒன்பதாம் கட்டம்

கொக்கிரகுளத்திலிருந்து அனுப்பினார்கள்,
பிசானத் தண்ணீர் திறந்த பன்னிரண்டாம் நாள்.
கையில் ஒரு படிவம்.
ஏழு மடையில் ஏழு நீர்மட்டக் கருவி,
ஒன்று இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
இருக்கின்றனவா என்று எண்ண வேண்டும்.
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் மடையில் இருந்தது.
அதன் சூரியத் தகட்டில்
மடைக்காரர் பூலுடையாரின் பனியன்
காய்ந்துகொண்டிருந்தது.
"ஓடுதா?"
"ஓடும் சார். பாஸ்வேர்டு தெரிஞ்சவரு
ராமநாதபுரத்துக்கு மாத்தலாயிப் போயிட்டாரு."
சிம்முக்கு மாதம் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
கருவி வாங்கிய தலைப்பில் அதற்கு இடமில்லை,
இடமிருந்த தலைப்பில் பணமில்லை.
காலால் அளக்கிறார் அவர்.
கணுக்கால் நனைந்தால் பலகையைத் தூக்கு,
முழங்காலுக்கு வந்தால் இறக்கு.
எழுதிக்கொண்டேன்: இருக்கிறது.

இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.
ஆறாவதில் குளவி கூடு கட்டியிருந்தது.
அதுவும் இருக்கிறதுதான்.

ஏழாவது, கடைமடை.
அதே கம்பெனி, அதே விலை, அதே சாம்பல் நிறப் பெட்டி.
பெட்டிக்குக் கீழே மதகுச் சுவரில்
சுண்ணாம்பு அடித்து
கரித்துண்டால் தேதி, அளவு, கையெழுத்து.
நேற்று அறுபத்திரண்டு.
முந்தாநாள் முப்பத்தொன்று,
பக்கத்தில் யாரோ: பொய்.
அதன் கீழே வேறொரு கை:
பொய் இல்லை, நாலாம் வாமடையில்
ராத்திரி மண்ணை வெட்டிட்டான்,
அபராதம் கட்டியாச்சு.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.
பெரிதாக ஒன்றுமில்லையாம்.
உதவிப் பொறியாளர் ஜெபக்கனி
பெட்டி வந்த வாரமே ஒரு தாளில் நாலு வரி எழுதி
சங்கத்தில் எல்லாரையும் கையெழுத்துப் போட வைத்தாராம்.
காலை ஆறு மணிக்கு அளவு வரவில்லையென்றால் யாரைக் கூப்பிடுவது,
அவர் எடுக்காவிட்டால் யாரை,
தண்ணீர் குறைந்தால் எந்த வாமடையை முதலில் அடைப்பது,
அடைக்காவிட்டால் எவ்வளவு.
அந்த நாலு வரிக்கு
மூன்று வெள்ளிக்கிழமை சண்டை,
ஒரு நாற்காலி உடைந்தது.
சிம்முக்கு ஏக்கருக்கு இரண்டு ரூபாய் வசூல்.
போன ஆனியில் ஜெபக்கனிக்கும் மாற்றல் வந்தது.
தாளுக்கு வரவில்லை.

படிவத்தின் ஒன்பதாம் கட்டம்:
கருவி உள்ளதா, ஆம் அல்லது இல்லை.
ஏழுக்கும் ஆம்.
பதினாறு லட்சத்து எண்பதாயிரம்,
பைசா குறையாமல் சரி.

உலகம்மாள், கடைமடைக்கும் கடைசி வயல்காரி,
தொளி ஒட்டிய கையைத் தூக்கிப் பிடித்தபடி
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
"ஏழையும் ஒண்ணுபோலல்லா எழுதிருக்கிய?"
"கட்டம் அவ்வளவுதாம்மா."
"சரி, இந்தத் தாளு
போய்ச் சேரவேண்டிய எடத்துக்குப் போய்ச் சேரலைன்னா
காலைல ஆறு மணிக்கு
நாங்க யாரைக் கூப்பிடணும்?"

பேனா மூடியைத் தேடுபவன்போல
சட்டைப் பையைத் தடவினேன்.
மூடி பேனாவில்தான் இருந்தது.