நாற்பத்தொன்றாம் வரி

ஜுபைலில் பைப்லைன் வேலைத்தளத்தில்
போர்ட்டா கேபினுக்குள் எனக்கொரு மேசை.
மேசைமேல் லேப்டாப்.
எனக்கு முன்னிருந்த டைம்கீப்பர் விட்டுப்போனது.
கீல் தளர்ந்த மூடி.
நிமிர்த்தி வைத்தால் பத்தே நிமிடத்தில்
மெல்ல மல்லாந்துவிடும்,
மத்தியானச் சோறு உண்டவன் போல.
பின்னால் ஒரு பேரீச்சம்பழ டப்பாவை
முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நேரெதிரே அசையாமல் உட்கார்ந்திருப்பவனை மட்டுமே
இந்தத் திரை மனிதனாக மதிக்கும்.
பக்கத்தில் நின்றாலோ மேலிருந்து பார்த்தாலோ
எல்லா நிறமும் வெளுத்துப் போகும்,
உப்புத் தண்ணீரில் அலசிய சட்டை மாதிரி.
கீழிருந்து பார்த்தால் கறுக்கும்.
போர்மேன் ஒருநாள் மகளின் கல்யாணப் படம் காட்டினார்.
ஏசிக்குக் கீழே தரையில் கிடந்த நேபாளிப் பையன்
தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
யார் செத்தது என்று இந்தியில் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, வாரத்தின் முதல் வேலைநாள்,
தம்மாமிலிருந்து மெயில்.
அறுபத்தெட்டுப் பெயர்கள்.
பதினொரு வரிகளுக்கு மஞ்சள் பூசியிருந்தது.
மஞ்சளிலேயே ஆகச் சோகையான மஞ்சள்.
மஞ்சள் இட்டவர்களுக்கு மாதக் கடைசியில் எக்ஸிட்.
அதுவரை வாய் திறக்க வேண்டாம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு
ஓவர்டைம் கணக்குப் பார்க்க வந்தார்கள்.
சீனி நயினா வந்தார், காசிலிங்கம் வந்தான்,
பெயர் சொல்லாமல் நம்பர் மட்டும் சொல்கிற
அந்த வெல்டர் வந்தான்.
எல்லாரும் நின்றார்கள்.
என் கேபினில் இரண்டாவது நாற்காலி கிடையாது.
நின்றவர் கண்ணுக்கு
அறுபத்தெட்டும் ஒரே வெள்ளை.

நான் எதையும் மறைக்கவில்லை.
திரையைத் திருப்பவில்லை, கையால் பொத்தவில்லை.
மலிவான கண்ணாடி
என் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.
காசிலிங்கம் விரல் வைத்து
ஒவ்வொரு கட்டமாக எண்ணினான்.
சரியாக இருக்கு சார் என்றான்.
அவன் விரலுக்கடியில் மஞ்சள்.

கடைசியாகத் தொபியாஸ், சாரக்காரன்,
குளச்சல் பக்கம்.
ஷூ நாடா அவிழ்ந்திருந்தது.
ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்து
மேசையோரம் குத்துக்காலிட்டான்.
நாடாவைச் சுருக்குப் போட்டபடியே நிமிர்ந்தான்.
நிமிர்ந்தவன் அப்படியே இருந்தான்.

'அண்ணே, எனக்க வரி மட்டும்
எதுக்கு இப்படிக் கறுத்துக் கெடக்கு?'

'ஸ்கிரீன் மோசம் தொபியாஸ்.'

பொய்யில்லை அது.
அதுதான் என்னை இன்னும் அரிக்கிறது.

அவன் எழுந்தான். பார்த்தான்.
மறுபடி குனிந்தான். பார்த்தான்.
சாரத்தில் ஏறுமுன் குழாயை ஆட்டிப் பார்ப்பவன்
அவசரப்படாமல் ஆட்டிப் பார்த்தான்.

'இன்னும் பத்துப் பேருக்கும் மோசம்,
இல்லியாண்ணே?'

ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
வெளியே பஸ் ஹாரன் அடித்தது,
கேம்ப்புக்குப் போகிற கடைசி வண்டி.

அவன் அடுத்த ஷூவின் நாடாவையும்
அவிழ்த்துக் கட்டினான்.
பிறகு,
'போன வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கூர் விட்டுப்போச்சு.
நான் வந்திருந்தேன்.
சைன் இருக்கு, பாருங்க.'

பார்த்தேன். இருந்தது.
நாற்பத்தொன்றாம் வரியில்
இரண்டை நான்காக்கினேன்.
'சேவ் பண்ணுங்க' என்றான்.
பண்ணினேன்.
மூடி சரியத் தொடங்கியிருந்தது.
டப்பாவை அவனே இரண்டு விரல் முன்னால் நகர்த்தி
நிறுத்திவிட்டுப் போனான்.

கேபின் காலியானதும்
அவன் இருந்த இடத்தில் நானும் குத்துக்காலிட்டேன்.
முழங்கால் முனகியது.
தலையைச் சாய்த்தேன், இன்னும் சாய்த்தேன்.
எனக்கு அங்கிருந்து
அறுபத்தெட்டு வரியும் கறுப்பாகத்தான் தெரிந்தது.
பதினேழில் இருக்கும் என் பெயரும்.

பதினொன்றை அவன்
எப்படிப் பிரித்தெடுத்தான் என்று
இன்னும் தெரியவில்லை.