சான்று தேவை

ஸ்ரனிஸ்லாஸ், ஓவியர், பாலையூற்று.
இரண்டு வரிக் கட்டுரை. நீக்கலாமா என்று
ஏழு நாள் தவணை. ஆறு போய்விட்டது.

பத்திரிகைத் துணுக்கு ஒன்று கிடைத்தது;
அதில் பெயர் ஸ்ரனிலோஸ்.
நகரசபை மண்டபத்தில் கண்காட்சி வைத்தாராம்,
சுவரொட்டிகளை மான்கள் தின்றுவிட்டனவாம்.
இந்த ஊரில் நம்பக்கூடியதுதான்.
அடிக்குறிப்பில் போட முடியாது.

உட்துறைமுக வீதி வங்கியில்
படம் ஒன்று தொங்குகிறது, மூலையில் ‘ஸ்’ மட்டும்.
கடல், ஆனால் மஞ்சள்.
காசாளர் சொன்னார்:
“ஆர் கீறினதெண்டு தெரியாது.
கழட்டினால் சனம் கேக்கும்.”

‘நீக்குக’ என்று முதலில் எழுதியவன் நான்தான்.
விதி சரி. இப்போதும் சரி.

என் வாக்கைக் கோடிட்டு வெட்டினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
மஞ்சள் என்று அடித்தேன்,
அழித்தேன்.
இன்னுமொரு கிழமை தாருங்கள்.