இருபத்திரண்டு

வலையிறவுப் பக்கமிருந்து கச்சான் ஏற முன்னமே
பத்தொன்பது பிள்ளைகளையும் கல்லடிக் கரையில் இறக்கிவிட்டோம்.
அறிக்கையில் அதை முதலில் எழுதுவேன்.

பிறகு எழுத வேண்டியது:
எருமைத்தீவைச் சுற்றித் திரும்புகையில்
யோகசீலனின் உடம்பில் வெறும் பெனியன்தான் என்பதை
நுஃபைல் கண்டான்.
அவனுடைய லைஃப் ஜக்கெட்
கடைசிக் கயாக்கில், நீந்தத் தெரியாத ஒரு பெட்டையின் மேல்
தொடைவரை தொங்கிக்கொண்டிருந்தது.

நுஃபைல் விசில் ஊதவில்லை. கத்தினான்.
தண்ணீரில் குரல் தூரம் போகும்;
துடுப்புகள் எல்லாம் நின்றுவிட்டன.
"நீ செத்தா ஆருடா பதில் சொல்லுற?"
"உண்ட வாப்பா."

மாலை முழுக்க ஒருத்தன் கன்டெய்னருக்கு வடக்கே
கயிறு சுற்றினான், சுற்றிய கயிற்றையே.
மற்றவன் தெற்கே, காய்ந்த படகைக் கழுவினான்.
தேநீர் இரண்டிலும் ஆடை படிந்தது.

தலைமை அலுவலகம் ஃபோனில் கேட்டது:
"ஒருத்தர் ஆரையம்பதி, ஒருத்தர் காத்தான்குடி, இல்லையா?
அதுவா பிரச்சினை?"
"இல்லை, ஒரு ஜக்கெட்" என்றேன்.
அவர்கள் நம்பவில்லை. ஜக்கெட்டுக்கு அவர்களிடம் படிவம் இல்லை.

பயிற்சிக் கோவையில் ஒன்பதாம் பக்கம்:
தனித்தனியே கேள். குறுக்கிடாதே. தீர்ப்புச் சொல்லாதே.
சொல்லவில்லை.
சட்டத்தைக் காத்தவன் சரி.
பிள்ளையைக் காத்தவன் சரி.
இரண்டு சரிகளுக்கு நடுவே
என் நாற்காலி நுளம்புகளோடு.

பிறகுதான் பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன்.
வியாழன் இரவு: ஜக்கெட் இருபத்திரண்டு.
கீழே என் கையெழுத்து, வால் நீண்டு, ஒரு தலைவியினுடையதாய்.
எண்ணவில்லை அன்றைக்கு.
கொக்கியில் தொங்கிய செம்மஞ்சள் கும்பலைப் பார்த்து
எப்போதும் போல எழுதினேன்.
இருந்தது இருபத்தொன்று.

இருவரையும் ஒன்றாய்க் கூப்பிட்டேன். கோவையில் இல்லாத வேலை.
"பிழை என்னுடையது."

யோகசீலன் மணலைப் பார்த்தான்.
"கரையிலயே தெரியும் மிஸ்.
பணம் குடுத்த ஆக்கள் படம் எடுத்துக்கொண்டு நிண்டவங்க.
அவங்களுக்கு முன்னால உங்களுக்கு எப்பிடிச் சொல்லுற?"

நுஃபைல்: "பின்னேரம் புத்தகத்தைப் பார்த்தன்.
மூடி வெச்சிட்டன்."

ஆக, அவ்வளவு நேரமும்
எனக்குச் சேர வேண்டிய கோபத்தை
ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தார்கள்,
என் மேல் படாமல், கவனமாக.
மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன் இந்த ஆறு வருடமும்.

என்னிடம் கத்தியிருக்கலாம் என்றேன்.
இருவரும் சிரிக்கவில்லை.
"வாப்பாவை இழுத்தது இழுத்ததுதான்" என்றான் நுஃபைல்.
அதை நான் எடுத்துக்கொள்ள முடியாது. விட்டேன்.

விடியற்காலை யோகசீலன் எண்ணினான், சத்தமாக.
நுஃபைல் எழுதினான், முகம் பாராமல்.
இருபத்தொண்டு.
பத்தொன்பது பிள்ளைகள், இரண்டு வழிகாட்டிகள்.
நான் கரையில் நின்றேன்.

பாலத்துக்கு அப்பால் படகுகள் சிறுத்துப்போயின.
முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தன்,
நடுவே அவ்வளவு தண்ணீர்.
ஒரு விசில்: நில்.
காத்திருந்தேன்.
பின்னாலிருந்து, கொஞ்சம் பிந்தி,
பதில் விசில்.