தலையில் விசிறி

அறுபத்திரண்டு ஒட்டியாகிவிட்டது.
அறுபத்து நான்கும்.
நடுவில் ஒரு வெற்றுக் கட்டம்,
தீப்பெட்டி அளவு.
அதன் அடியில் பொடி எழுத்தில்:
"63. கொண்டலாத்தி. தலையில் விசிறி உண்டு.
கோபம் வந்தால் விரியும்."

மொந்தேவிதேயோவில், லா தேஹாவில், எங்கள் தெருவில்
யாரும் அந்தப் பறவையைக் கண்டதில்லை.
கடல் தாண்டாத பறவை.
எங்களிடம் புறா உண்டு, கடற்காகம் உண்டு,
மாமா வீட்டில் மேசை விசிறி உண்டு.

ஆகவே ஒன்பது வயதில் நான் வரைந்த
முதல் கொண்டலாத்திக்கு
உச்சியில் மூன்று இறக்கை, சுற்றிலும் கம்பிக்கூண்டு,
வாலாக ஒரு ஒயர்.
அண்ணன் வாஷிங்டன் உற்றுப் பார்த்தான்.
"பிளக் எங்கே?"
வரைந்து கொடுத்தேன்.

அந்த ஒரு அட்டைக்காகத் தின்ற சாக்லேட்டில்
அவனுக்கு இரண்டு பல் போயிற்று.
எனக்கு ஏழு பென்குவின் கிடைத்தது.

கைவேலைப் புத்தகம்
அம்மா வேலை பார்த்த மருந்துக்கடையில்
யாரோ மறந்துவிட்டுப் போனது.
ஸ்பெயினில் அச்சானது.
டிசம்பர் என்ற தலைப்பில் பனிமனிதன்.
எங்கள் டிசம்பரில் தார் உருகும்.
மருந்துக்கடைப் பஞ்சில் செய்து
வெயிலில் நிறுத்தினோம். உருகவில்லை.
அதில் எனக்கு ஒரு சின்ன கர்வம்.
ஓக் கொட்டை மூன்று எடுத்துக்கொள் என்றது;
சூப் எலும்பு மூன்று எடுத்துக்கொண்டோம்.

நாற்பத்தோராம் பக்கம்:
நூலை இழுத்தால் தோகை விரிக்கும் மயில்.
படி ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கும் ஐந்தும் கிழிந்து போயிருந்தன.
படி ஆறு: "இப்போது இழு."
இழுத்தோம்.
கழுத்து கையோடு வந்துவிட்டது.

இப்போது எனக்கு ஐம்பத்து மூன்று.
கார்னிவல் மாதம் வந்தால்
முர்கா பாடும் பதினேழு ஆண்களின் தலைகள்
என் பொறுப்பு.
கலங்கரை விளக்கம் வைத்திருக்கிறேன்,
டிராம் வண்டி வைத்திருக்கிறேன்,
மூடி திறந்து ஆவி விடும் குழம்புச் சட்டி ஒரு வருஷம்.
எதை வைத்தாலும் அதன் மேல்
எப்படியோ ஒரு விசிறி வந்து உட்கார்ந்துகொள்ளும்.
இதெல்லாம் எங்கிருந்து வருகிறது, ஸுல்மா,
என்று வானொலியில் ஒருத்தி கேட்டாள்.
தொண்டை கட்டியிருக்கிறது என்று
போனை வைத்துவிட்டேன்.

போன அக்டோபர், ஞாயிற்றுச் சந்தை.
தகோபெர்த்தோவின் செருப்புப் பெட்டியில்
பழைய பஸ் டிக்கெட்டுகளுக்கும்
யாரோ ஒருவரின் முதல் நற்கருணைப் படத்துக்கும் நடுவே
அறுபத்து மூன்று.
நாற்பது பெசோ. பேரம் பேசவில்லை.

அச்சில் ஆரஞ்சு நிறம் அரை மயிரிழை நழுவி
பறவைக்கு வெளியே நின்றது.
அது பரவாயில்லை.
விசிறி மூடியிருந்தது.
எண்ணெய் வைத்துப் பின்னால் வாரிய தலை,
தபால் நிலையத்துக்குக் கிளம்பியவனைப் போல.
கோபமே இல்லை.

நாற்பத்து நான்கு வருஷம்
விரிந்ததையே செய்திருக்கிறேன்.
விரிவதற்கு முன்னால் அது
எப்படி இருக்கும் என்று
ஒருநாள்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

சால்த்தோவில் ஆரஞ்சுத் தோட்டத்தில் இருக்கும்
வாஷிங்டனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"பிளக் இருக்கிறதா?"

இந்த வருஷம் பதினேழு பேருக்கும்
மண் நிறத்தில், படிந்த, ஒன்றுமில்லாத தொப்பி.
இயக்குநர் ஒலிந்தோ கத்தினார்:
"இது கார்னிவலா, இழவு வீடா?"
பொறுங்கள் என்றேன்.
படி நான்கு: குடைக்கம்பி.
படி ஐந்து: சைக்கிள் பிரேக் ஒயர்,
காதின் பின்னால் இறங்கி, தாடைக்கு அடியில்.
கடைசிப் பாட்டில், விடைபெறும் வரியில்,
இப்போது இழு.

நேற்று ஒத்திகை.
பதினாறு தலைகள் விரிந்தன.
ஒலிந்தோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.
பெரிய மேளம் வில்மார் மட்டும்
இழுத்தான். மறுபடி இழுத்தான்.
முகம் சிவந்தது.
கோபம் வந்துவிட்டது, விசிறி வரவில்லை.

அசையாதே என்று பக்கத்தில் போனேன்.
விரிந்த பதினாறுக்கு நடுவே
வாரிய தலையோடு அவன்,
அச்சு அசல் அந்த அட்டை.

இடுக்கி கையில் இருக்கிறது.
சரிசெய்வதா, இப்படியே விடுவதா என்று
இன்னும் முடிவாகவில்லை.