முட்டாள் ஆட்டம், ஒற்றைக்கு

இந்த ஆட்டத்தில் வென்றவர் என்று ஒருவர் இல்லை.
கடைசியில் கையில் சீட்டோடு மிஞ்சுபவர் முட்டாள்,
மற்றவர்கள் தப்பியவர்கள். அவ்வளவுதான்.

முப்பத்தாறு சீட்டு, ஆறிலிருந்து ஏஸ் வரை.
கட்டின் அடியில் ஒன்று மல்லாந்து கிடக்கும், அதன் இனம் துருப்பு.
நீ இறக்குவதை நான் பெரியதால் அடிக்க வேண்டும்,
அல்லது துருப்பால் வெட்ட வேண்டும்,
இரண்டும் இல்லையா, மேசைமேல் கிடப்பதை வாரிக்கொள்.
முட்டாளானவர்தான் அடுத்த ஆட்டத்துக்குக் கலைத்துப் போட வேண்டும்.
சவேலிக்கு இது ஒன்றுதான் அவமானம்.
தோற்பதைத் தாங்குவான், கலைப்பதைத் தாங்கமாட்டான்.

டிசம்பர் பத்தாம் தேதி ஹெலிகாப்டர்
அவனையும் அவன் குடல்வாலையும் தூக்கிக்கொண்டு போனது.
ஸ்ட்ரெச்சரிலிருந்து கத்தினான்:
"ஒரு ஆட்டம் பாக்கி, ரிம்மா!"

வெள்ளைக் கடலின் இந்த முனையில் பிறகு நான்,
ஒரு அடுப்பு,
நாளுக்கு எட்டு முறை அளந்து அனுப்ப வேண்டிய காற்று.

முதலில் இரண்டு கையையும் நானே ஆடினேன்.
எழுந்து மேசையின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து
இந்தப் பக்கத்தை மறக்கப் பார்த்தேன்.
முயன்றால் மறதி வருமா?
என் துருப்பு ராணி எங்கிருக்கிறாள் என்று
எதிர் நாற்காலிக்குத் தெரிந்தே இருந்தது.

பிறகு அவன் கையைக் கவிழ்த்துவைத்தேன்.
மேலிருப்பதைத் திருப்பு, பொருந்தினால் இறக்கு, இல்லையேல் வாரு.
ஒன்பது ஆட்டம். ஒன்பதிலும் நாற்காலியே முட்டாள்.
ஒன்பது முறையும் கலைத்தது யார்?

ஆகவே சட்டம் எழுதினேன், அளவீட்டுத் தாளின் பின்பக்கம்,
பென்சிலால். இங்கே மை உறைந்துவிடும்.

கடைசி அளவீட்டில் காற்று வடக்கு, வடகிழக்கு, வடமேற்கு என்றால்
சவேலி யோசிக்காமல் வெட்டுவான்.
மேற்கு, தெற்கு, கிழக்கு என்றால்
துருப்பைத் தொடமாட்டான், வாரிக்கொள்வான்.
காற்றே இல்லையென்றால் இன்று அவனுக்கு ஆட மனமில்லை,
ரிம்மா, போய்ப் படு.

ஜனவரியில் ஏழு நாள் விடாமல் வடக்கு.
ஏழு நாளும் முட்டாள் நான்.
தனியாக இருப்பவளைத் தோற்கடிக்க
ஒரு கடல் முழுவதும் கிளம்பி வந்தது போலிருந்தது,
சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவும்.

ஒரு ராத்திரி கட்டு தீர்ந்துவிட்டது.
என்னிடம் மிச்சம் ஸ்பேட் ஏஸும் ஒரு கிளாவர் ஆறும்,
அவனிடம் கவிழ்ந்த இரண்டு.
ஏஸை இறக்கினேன். மணி ஒன்பது, அளவீட்டு நேரம்.
அதன்படிதான் அவன் பதில்.
கம்பத்தடியில் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தேன்.
முள் மேற்குக்கும் வடமேற்குக்கும் நடுவே
தலையாட்டிக்கொண்டு நின்றது.
மேற்கு என்று எழுதலாம். யார் கேட்கப் போகிறார்கள்?
ஆர்க்காங்கெல்ஸ்க் அலுவலகத்தில் தூக்கக் கலக்கத்தில் ஒருவர்,
பனிக்கட்டிக்கு நடுவே எங்கேயோ ஒரு மரக்கப்பல்.

கண் இமை ஒட்டிக்கொள்ளும் வரை நின்றேன்.
வடமேற்கு என்று எழுதினேன்.
உள்ளே வந்து அவன் சீட்டைத் திருப்பினேன், துருப்பு ஏழு.
வெட்டினான்.
அடுத்ததைத் திருப்பினேன், கிளாவர் ஒன்பது.
என் ஆறு கையிலேயே நின்றது.
முட்டாள் கலைத்தாள்.

மார்ச்சில் வந்தான், இளைத்து, தழும்பைக் காட்டிக்கொண்டு.
பாக்கி ஆட்டத்துக்கு பூட்ஸைக் கழற்றும் முன்பே உட்கார்ந்தோம்.
நான் ஜாக்கியை இறக்கினேன், அவன் வாரிக்கொண்டான்.
"வடக்குக் காற்று," என்றேன், "நீ வெட்ட வேண்டும்."
"என்னது?"
"வெட்ட வேண்டும், சவேலி. சட்டம்."
"யாருடைய சட்டம்?"
தாள் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுக்கவில்லை.
தப்பும் தவறுமாக, காற்றைப் பாராமல்,
இருமிக்கொண்டே ஆடினான்.
எப்போது என்ன செய்வான் என்று பிடிபடவே இல்லை.

முட்டாளானான். முனகினான்.
முப்பத்தாறையும் கூட்டி அள்ளிக் கலைக்க ஆரம்பித்தான்,
இரண்டு கீழே விழுந்தன, குனிய முடியாமல் காலால் இழுத்தான்.
நான் உதவவில்லை.
கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு
அவன் போடும்வரை காத்திருந்தேன்.